டயர் ரொட்டேஷன் செஞ்ச பிறகு கார் ஒரு பக்கமா இழுக்குதா? ஸ்டியரிங் நடுங்குதா? எதை முதல்ல பார்க்கணும்?

சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சிலருக்குப் புதுத் தொல்லை ஒன்று ஆரம்பித்துவிடும். நேற்று வரை நேராகப் போன கார் இன்று இடது பக்கம் இழுக்கும். 90 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். இல்லையென்றால் தரைக்கு அடியிலிருந்து 'ஊம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கும். பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் 'டயர் ரொட்டேஷன்' என்று ஒரு வரி இருக்கும். "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டாங்க" என்று கோபம் வருவது இயல்புதான்.

ஆனால் பெரும்பாலான நேரங்களில் டயரை இடம் மாற்றியதால் புதிதாகக் கோளாறு வருவதில்லை. பின்சக்கரத்தில் ஏற்கெனவே இருந்த குறை முன்சக்கரத்துக்கு வந்து, ஓட்டுபவரின் கையில் தெரிய ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. வீல் நட் சரியாக முறுக்கப்படவில்லை என்றால் அது உயிருக்கே ஆபத்து. அதனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை இங்கே ரொம்ப முக்கியம்.

டயர் ரொட்டேஷன் எதற்கு?

ஒரு காரின் நான்கு டயர்களும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற முன்சக்கர இயக்க கார்களில் வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவது என எல்லா வேலையும் முன் டயர்களின் தலையில்தான் விழுகிறது. அவை சீக்கிரம் தேயும். பின் டயர்கள் கிட்டத்தட்ட சும்மா உருண்டு வருகின்றன. இந்தத் தேய்மானத்தைச் சமப்படுத்த, பொதுவாக 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுகிறார்கள்.

முன்சக்கர இயக்க கார் என்றால், முன் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும். பின் டயர்கள் இரண்டும் பக்கம் மாறிக் குறுக்காக முன்னால் வரும். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் இது தலைகீழ். பின் டயர்கள் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் குறுக்காகப் பின்னால் போகும்.

"ரேடியல் டயரைப் பக்கம் மாத்தவே கூடாது" என்று சில பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆரம்பகால ரேடியல் டயர்களுக்கு அப்படி ஓர் அறிவுரை இருந்தது உண்மை. இப்போதைய பெரும்பாலான டயர்களுக்கு அந்தத் தடை இல்லை. இருந்தாலும் காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் எந்த முறை போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுவதே சரி.

இடம் மாறியதும் ஏன் வித்தியாசம் தெரிகிறது?

ஸ்டியரிங் முன்சக்கரங்களோடுதான் இணைந்திருக்கிறது. பின்னால் இருக்கும் டயரில் சின்னக் குறை இருந்தால் அது கைக்குத் தெரியாது, அதிகபட்சம் சீட்டில் லேசாக ஒரு அதிர்வு வரும். அதே டயர் முன்னால் வந்துவிட்டால், அந்தக் குறை நேராக ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே இடத்தில் பல ஆயிரம் கி.மீ. ஓடிய டயர், அந்த இடத்துக்கு ஏற்றபடி தேய்ந்து பழகியிருக்கும். புது இடத்தில் அதன் மேல் விழும் பாரம், கோணம், சில சமயம் சுழலும் திசைகூட மாறிவிடுகிறது. அதனால் முதல் சில நூறு கி.மீ.க்கு வண்டி கொஞ்சம் வேறு மாதிரி தெரிவது சகஜம். நாளாக ஆக அது குறைந்தால் கவலை இல்லை. அப்படியே இருந்தாலோ, கூடினாலோ பார்த்தே ஆக வேண்டும்.

முதல் வேலை: வீல் நட்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரொட்டேஷனில் நான்கு சக்கரங்களும் கழற்றி மாட்டப்படுகின்றன. 16 அல்லது 20 நட்டுகள் அவிழ்க்கப்பட்டு மறுபடி முறுக்கப்படுகின்றன. அதில் ஒரு சக்கரத்தில் கைவேலை தவறினாலும் வண்டி ஆடத் தொடங்கும்.

நட் தளர்ந்திருந்தால் மெதுவாகப் போகும்போது 'டக்... டக்...' என்று சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வரும். நடுக்கம் நாளுக்கு நாள், சில சமயம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். இப்படித் தெரிந்தால் "வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று நினைக்கவே கூடாது. ஓரமாக நிறுத்தி, வண்டியில் இருக்கும் வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் சோதிக்க வேண்டும். ஒன்று லூசாக இருந்தாலும் எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு, மெதுவாகப் பக்கத்துக் கடைக்குப் போக வேண்டும். நட் ஏறும் போல்ட்டின் மரை தேய்ந்திருந்தாலோ, வீலில் உள்ள ஓட்டை நீள்வட்டமாக விரிந்திருந்தாலோ ஓட்டவே கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

நட் அளவுக்கு மீறி டைட்டாக இருப்பதும் பிரச்னைதான். காற்றில் இயங்கும் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஒரே மூச்சில் முறுக்கினால் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு இறுக்கத்தில் நிற்கும். போல்ட் நீண்டு பலவீனமாகும். பிரேக் டிஸ்க் ஒரு பக்கமாக அழுத்தப்பட்டு, நாளடைவில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்க ஆரம்பிக்கும்.

சரியான முறை இதுதான்: நட்டை முதலில் கையால் சுற்றி ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். சக்கரம் தரையில் பட்ட பிறகு டார்க் ரெஞ்ச் என்ற அளவுக்கருவியால் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பல சிறிய, நடுத்தரக் கார்களுக்கு இந்த அளவு சுமார் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். துல்லியமான எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். ரொட்டேஷன் முடிந்து 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது: காற்று

காசு செலவில்லாமல் தீரும் கோளாறு இது. பல கார்களில் முன் டயருக்கு ஓர் அளவு, பின் டயருக்கு ஓர் அளவு. உதாரணமாக முன்னால் 33 பிஎஸ்ஐ, பின்னால் 30 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். டயரை மாற்றிவிட்டு காற்றைச் சரிசெய்யாமல் விட்டால் முன்னால் 30, பின்னால் 33 என்று தலைகீழாக நிற்கும். ஸ்டியரிங் கனமாகத் தெரியும், திருப்பங்களில் வண்டி தாமதமாகத் திரும்புவது போல இருக்கும்.

இடது வலது டயர்களுக்குள் 3, 4 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே கார் காற்று குறைந்த பக்கமாக இழுக்கத் தொடங்கும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் காற்று குறைந்து நிற்கும்.

மூன்றாவது: டயர் மாட்டிய திசை

சில டயர்கள் ஒரு திசையில் மட்டுமே சுழல வேண்டும். அவற்றின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். பட்டன் அமைப்பும் அம்பு முனை போல இருக்கும். இந்த டயர்களை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத்தான் மாற்ற முடியும். தவறிப்போய்ப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால், மழையில் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. காய்ந்த ரோட்டில் எதுவும் தெரியாது, மழை நாளில்தான் வினை.

முன்னும் பின்னும் வேறு வேறு அகல டயர் இருக்கும் கார்களில் முன் பின் மாற்றவே கூடாது. அதேபோல ஸ்டெப்னி சிறிய அளவு டயராக இருந்தால் அதை ரொட்டேஷனில் சேர்க்கக் கூடாது. அப்படிப்பட்ட தற்காலிக டயர்களில் 80 கி.மீ. வேக வரம்பு எழுதியிருக்கும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால்...

நட், காற்று, திசை மூன்றும் சரி. ஆனாலும் இழுக்கிறதா? எப்போது இழுக்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம்தானா என்று பார்க்க வேண்டும். எல்லா நேரமும் ஒரே சீராக இழுத்தால் டயரோ, அலைன்மென்ட்டோ காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்படுகின்றன. இடது ஓரமாகப் போகும் கார் மெதுவாக இடது பக்கம் சாய்வது இயற்கை. அதனால் சமமான, போக்குவரத்து இல்லாத சாலையில்தான் சோதிக்க வேண்டும். அப்போதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை முழுவதுமாக எடுத்துவிடக் கூடாது. விரல்களால் லேசாகப் பிடித்திருந்தாலே இழுவை தெரியும்.

டயரா, அலைன்மென்ட்டா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. முன் டயர்கள் இரண்டையும் இடது வலதாக மாற்றி மாட்டி ஓட்டிப் பார்ப்பது.

1. முன்பு இடது பக்கம் இழுத்தது, இப்போது வலது பக்கம் இழுக்கிறது என்றால் கோளாறு டயரில்.
2. இழுவை காணாமலே போய்விட்டது என்றாலும் டயர்தான் காரணம். அப்படியே விட்டுவிடலாம்.
3. எந்த மாற்றமும் இல்லை என்றால் டயர் மேல் தப்பில்லை. அலைன்மென்ட், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

திசைக்குறி உள்ள டயர்களை இப்படிப் பக்கம் மாற்றக் கூடாது. அவற்றில் ஒரு பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

டயர் எப்படி வண்டியை இழுக்கும்? டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட் கொஞ்சம் ஓரமாக அமைந்திருந்தாலோ, ஓர் ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தாலோ, டயர் முழு உருளையாக இல்லாமல் லேசாகக் கூம்பு போல ஆகிவிடும். டீ கிளாஸைப் படுக்க வைத்து உருட்டினால் அது நேராகப் போகாமல் வளைந்து போகும் இல்லையா, அதே கதைதான். அந்த டயர் பின்னால் இருந்தவரை பெரிதாகத் தெரியாது, முன்னால் வந்ததும் இழுக்கும். அதைப் பழையபடி பின்னால் அனுப்பினால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். டயர் புதிது என்றால் பில்லோடு டீலரிடம் காட்டி வாரண்டி கேட்கலாம்.

ஸ்டியரிங் நடுங்கினால்...

80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் மட்டும் நடுக்கம் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் வீல் பேலன்சிங் தவறியிருக்கலாம். கைக்கு நடுக்கம் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பொதுக்கணக்கு. ரிம்மில் ஒட்டியிருக்கும் சின்ன வெயிட் உதிர்ந்திருக்கும், அல்லது ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். பேலன்சிங் செய்தால் சரியாகிவிடும்.

பேலன்சிங் செய்தும் போகவில்லையா? சக்கரம் உட்காரும் ஹப்பில் துரு, மண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இடையில் சின்னத் துகள் இருந்தாலும் சக்கரம் நேராக உட்காராது. வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால் அதன் நடு ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் போடும் வளையத்தை மாட்ட மறந்திருந்தாலும் நடுங்கும்.

20 முதல் 40 கி.மீ. போன்ற குறைந்த வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடினால் அது வேறு விஷயம். டயருக்குள் பெல்ட் விட்டுப்போயிருக்கலாம். டயரில் எங்காவது புடைப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த டயர் அதிவேகத்தில் வெடிக்கக்கூடும். உடனே ஸ்டெப்னி மாட்டிவிட வேண்டும்.

இரைச்சல் வந்தால்...

பின் டயர்களின் பட்டன்கள் ரம்பப் பல் போல ஒரு முனை உயர்ந்து, ஒரு முனை தாழ்ந்து தேய்வதுண்டு. உள்ளங்கையால் டயரைச் சுற்றி மெதுவாகத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். கம்பி நீட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இந்த டயர்கள் முன்னால் வந்து எதிர்த்திசையில் சுழலும்போது இரைச்சல் கூடுதலாகக் கேட்கும். தேய்மானம் சமமாகச் சமமாக, சத்தம் குறைந்துவிடும்.

இது வீல் பேரிங் சத்தமாக இருக்குமோ என்ற சந்தேகம் பலருக்கு வரும். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் டயர். வளைவில் திரும்பும்போது சத்தம் கூடி, எதிர்ப்பக்கம் திரும்பும்போது குறைந்தால் பேரிங்.

மழையில் பின்பக்கம் வழுக்கினால்...

பலரும் கவனிக்காமல் விடும் ஆபத்து இது. ஆறு மாதத்துக்கு முன் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கிப் பின்னால் போட்டிருப்பார்கள். ரொட்டேஷனில் அவை முன்னால் வந்து, தேய்ந்த பழைய டயர்கள் பின்னால் போய்விடும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தாவது சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கடினம்.

அதனால் தேய்மான வித்தியாசம் அதிகமாக இருந்தால், முன்சக்கர இயக்க காராகவே இருந்தாலும், நல்ல பட்டன் உள்ள ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு ரொட்டேஷன் செய்யாமல் விடுவதே மேல். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-வது விதிப்படி கார் டயரின் பட்டன் பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், இடம் மாற்றிப் பயனில்லை, டயரையே மாற்ற வேண்டியதுதான்.

டேஷ்போர்டில் டயர் விளக்கு எரிந்தால்...

டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் வசதி இருந்தால், ரொட்டேஷனுக்குப் பிறகு அதை ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். செய்யாவிட்டால் சில கார்களில் பின் இடது டயரில் காற்று இறங்கும்போது முன் டயர் என்று காட்டும். ஓட்டுநர் தவறான டயரைப் பார்த்துவிட்டு "நல்லாதானே இருக்கு" என்று கிளம்பிவிடுவார். ரீசெட் செய்யும் முறை மேனுவலில் இருக்கும்.

அலைன்மென்ட் எப்போது?

சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் பாகங்களும்தான். டயரைக் கழற்றி மாட்டுவதால் மட்டும் அந்தக் கோணம் மாறாது. எனவே "ரொட்டேஷன் பண்ணதால அலைன்மென்ட் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

டயர் இழுக்கிறது என்று தெரியாமல் அலைன்மென்ட்டைத் திருகி அதைச் சமாளித்தால், பிறகு டயர் மாற்றும்போது கார் எதிர்ப்பக்கம் இழுக்கும். சில சிறிய கார்களில் முன்சக்கரத்தின் டோ கோணத்தை மட்டும்தான் மாற்ற முடியும். டோ தவறினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஆனால் கார் ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் அதனால் அல்ல. இரண்டு மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் இழுவை போகவில்லை என்று பலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தாலோ, சஸ்பென்ஷன் பாகம் மாற்றியிருந்தாலோ, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, இடது வலது டயர் மாற்றியும் இழுவை மாறவில்லை என்றாலோ அலைன்மென்ட் தேவை. அப்போது முன்பிருந்த அளவு, சரிசெய்த பிறகு உள்ள அளவு இரண்டும் இருக்கும் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது

டயர்களைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் குறித்து, மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். தொல்லை வந்தால் பழையபடி மாற்றிப் பார்க்க அது உதவும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான்: நட்டை டார்க் ரெஞ்ச்சில் முறுக்கினீங்களா? முன்னாடி, பின்னாடி காத்து எவ்வளவு வச்சீங்க? ரெண்டு ஜோடியில எது ரொம்ப தேஞ்சிருக்கு, அது இப்போ எங்கே இருக்கு? முன்னாடி வந்த டயரை பேலன்ஸ் பண்ணீங்களா? இந்த நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு வண்டியை எடுப்பது நல்லது.